சமன்பாடும் வார்த்தைக் கணக்கும்: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

இயற்கணிதம் தொடங்கும் பிள்ளைகள், அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க உட்காரும் பெற்றோர், பல வருடம் கழித்துப் போட்டித் தேர்வுக்காகப் புத்தகத்தைத் திறப்பவர்கள் என்று யார் கேட்டாலும் சந்தேகங்கள் ஏறத்தாழ ஒன்றேதான். கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், வில்லங்கமானவை கடைசியில். நடுவில் புகுந்து படிப்பவர்களுக்காக எண் போட்டிருக்கிறேன்.

1. எக்ஸ்னுதான் எழுதணுமா? வேற எழுத்து போட்டா தப்பா?

தப்பே இல்லை. தெரியாத எண்ணைக் குறிப்பிட ஒரு பெயர் வேண்டும், அவ்வளவுதான். 1591இல் பிரான்ஸைச் சேர்ந்த வியத், தெரியாதவற்றுக்கு உயிரெழுத்து, தெரிந்தவற்றுக்கு மெய்யெழுத்து என்று ஓர் ஏற்பாடு செய்தார். டெக்கார்ட் 1637இல் வெளியிட்ட வடிவியல் நூலில் தெரிந்தவற்றுக்கு அகரவரிசையின் முதல் எழுத்துகளையும் தெரியாதவற்றுக்குக் கடைசி எழுத்துகளையும் வைத்தார். அந்தப் பழக்கம்தான் நிலைத்துவிட்டது.

இந்தப் பக்கத்தில் ம, ந என்று தமிழ் எழுத்துகளையே பயன்படுத்துகிறேன். 3ம என்றால் 3 × ம. வெறும் ம என்றால் 1 × ம. அந்த 1 எழுதப்படுவதில்லை, ஆனால் கணக்கில் உண்டு. எந்த எழுத்தானாலும் அது ஓர் எண்ணுக்கு நிற்கிறது, பொருளுக்கு அல்ல. இதை மறந்தால் என்ன ஆகும் என்பது 12ஆம் கேள்வியில் வரும்.

2. 3ம + 5 கூட சமன்பாடுதானே? அதுக்கு விடை என்ன?

அது கோவை. அதற்கு விடை கிடையாது; சுருக்கலாம், மதிப்பிடலாம், தீர்க்க முடியாது. 3ம + 5 = 20 என்று எழுதினால்தான் சமன்பாடு. இப்போது அது ஒரு கூற்று, அதாவது மெய்யாகவோ பொய்யாகவோ இருக்கக்கூடிய வாக்கியம். ம = 4 என்று வைத்தால் 17 = 20, பொய். ம = 5 என்று வைத்தால் 20 = 20, மெய். எந்த எண் இந்தக் கூற்றை மெய்யாக்கும் என்று தேடுவதைத்தான் தீர்ப்பது என்கிறோம்.

சின்ன வகுப்புகளில் சமக்குறியைப் பார்த்தால் 'அடுத்து விடையை எழுது' என்ற அர்த்தம் மனதில் பதிந்துவிடுகிறது. 8 + 4 = □ + 5 என்று கொடுத்துக் கட்டத்தை நிரப்பச் சொன்னால் நிறையப் பிள்ளைகள் 12 என்றோ 17 என்றோ எழுதுவார்கள். சரியான விடை 7. இயற்கணிதத்தில் தடுமாறுகிறவர்களிடம் நான் முதலில் கேட்டுப்பார்ப்பது இந்தக் கணக்கைத்தான். இங்கே தவறினால் மேலே போவதில் பயனில்லை.

3. 3ம + 5 = 20 = 15 = 5 னு ஒரே வரியில எழுதினேன். விடை சரிதான், ஆனா மார்க் குறைச்சுட்டாங்க. ஏன்?

நீங்கள் எழுதியது 20உம் 15உம் சமம் என்கிறது. மனதில் ஓடிய படிகள் சரி, எழுதிய வாக்கியம் பொய். 1557இல் ராபர்ட் ரெக்கார்ட் இந்தக் குறியை அறிமுகப்படுத்தியபோது, இணையான இரண்டு கோடுகளைவிடச் சமமான பொருள் வேறு இல்லை என்று காரணம் சொன்னார். அந்தக் கோடுகளுக்கு இரண்டு புறமும் ஒரே மதிப்பு இருக்க வேண்டும். ஒரு வரிக்கு ஒரு சமன்பாடு, சமக்குறிகள் ஒன்றின்கீழ் ஒன்று: 3ம + 5 = 20; அடுத்த வரியில் 3ம = 15; அதற்கடுத்து ம = 5.

4. மனசுலயே விடை தெரியுது. எதுக்கு இத்தனை வரி?

தெரிகிறபோது ஊகிப்பதில் குற்றம் ஒன்றுமில்லை, அது மிகப் பழைய முறை. கி.மு. 1550 வாக்கில் எகிப்தில் எழுதப்பட்ட ரைண்ட் பாப்பிரஸில் ஒரு கணக்கு: ஓர் அளவும் அதன் ஏழில் ஒரு பங்கும் சேர்ந்து 19. அளவு என்ன? 7 என்று வேண்டுமென்றே ஒரு பொய் விடையை வைத்துக்கொள்கிறார்கள். 7உம் 1உம் சேர்ந்து 8. வேண்டியது 19. ஆகவே 7ஐ 19/8 மடங்காக்கினால் விடை 16 5/8. ஓர் எழுத்துகூடத் தேவைப்படவில்லை.

ஆனால் இது எல்லாம் ஒரே விகிதத்தில் பெருகும்போதுதான் பலிக்கும். 3ம + 7 = 5ம − 12 என்பதில் ஊகத்தை இரட்டிப்பாக்கினால் இரு பக்கமும் இரட்டிப்பாவதில்லை. விடையும் முழு எண் அல்ல, 9.5. சும்மா போட்டுப் பார்த்துக்கொண்டே போனால் அதைத் தாண்டிப் போய்விடுவோம்.

5. பிளஸ் அந்தப் பக்கம் போனா ஏன் மைனஸ் ஆகுது?

எதுவும் எங்கேயும் போவதில்லை. இரண்டு பக்கமும் ஒரே வேலையைச் செய்கிறோம், அதன் தடயம் மட்டும் கண்ணில் படுகிறது. ம + 9 = 14 என்பதில் இரு பக்கமும் 9ஐக் கழித்தால் இடப்பக்கம் ம மட்டும் மிஞ்சும், வலப்பக்கம் 14 − 9. இடையிலுள்ள வரியை எழுதாமல் விட்டால் 9 குறி மாறித் தாவியதுபோல் இருக்கும். ஏன் இது செல்லும்? இரண்டு எண்கள் சமம் என்றால் இரண்டிலிருந்தும் ஒரே அளவைக் கழித்த பிறகும் அவை சமம்தான். திருப்பிக் கூட்டினால் பழைய சமன்பாடே வந்துவிடும். அதனால் புதிய வரிக்கும் பழைய வரிக்கும் தீர்வு ஒன்றே.

9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் அல்-குவாரிஸ்மி இதைக் குறியீடே இல்லாமல் முழுக்க வாக்கியங்களாகவே எழுதினார். குறையாக நிற்கும் உறுப்பை இரு பக்கமும் கூட்டி நிரப்பு, இரு பக்கமும் பொதுவாக இருப்பதை எடுத்துவிடு. பக்கம் மாற்றும் விதி அதன் சுருக்கெழுத்து. முதல் சில வாரங்கள் அந்த விதியைச் சொல்லாமலே இருப்பது நல்லது என்பது என் கருத்து. தராசுப் படத்தை வைத்துச் சொல்லிக்கொடுப்பவர்கள் உண்டு. தொடக்கத்துக்கு நல்லதுதான், ஆனால் −4 கிலோவை எந்தத் தட்டில் வைப்பது என்று பிள்ளை கேட்டால் அந்த உவமை அங்கேயே நின்றுவிடும்.

6. −3ம = 12. மூணு அந்தப் பக்கம் போகும்போது பிளஸ் ஆகுமா? விடை 4ஆ, −4ஆ, 15ஆ?

தாவும் விதியை மட்டும் மனப்பாடம் செய்தவர்களுக்கு இந்த மூன்று விடையும் வரும். முந்தைய கேள்வியின் பதிலை வைத்துப் பாருங்கள். ம இங்கே −3ஆல் பெருக்கப்பட்டிருக்கிறது. அதை அவிழ்க்க இரு பக்கமும் −3ஆல் வகுக்க வேண்டும். 12 ÷ (−3) = −4. கழித்தல் குறி அந்த 3உடன் பிறந்தது. 3 போகும் இடத்துக்கு அதுவும் சேர்ந்தே போகும், மாறாமல்.

கூட்டலை அவிழ்ப்பது கழித்தல், பெருக்கலை அவிழ்ப்பது வகுத்தல். இரண்டையும் கலக்கும்போதுதான் 15 வருகிறது.

7. அடைப்புக்குறிக்கு முன்னாடி மைனஸ் இருந்தா எப்பவும் தப்பாகுது.

10 − 2(ம − 3) = 4 என்பதை எடுத்துக்கொள்வோம். வழக்கமான தவறு: 10 − 2ம − 6 = 4. இதிலிருந்து ம = 0 வரும். மூலச் சமன்பாட்டில் வைத்துப் பார்த்தால் 10 − 2(−3) = 16, அது 4 இல்லை. உள்ளே இருக்கும் இரண்டு உறுப்புகளையும் −2ஆல் பெருக்க வேண்டும். −2 × ம = −2ம, −2 × −3 = +6. ஆகவே 16 − 2ம = 4, ம = 6.

இன்னொரு தவறு, 10 − 2ஐ முதலில் செய்து 8(ம − 3) என்று எழுதுவது. அந்த 2 அடைப்புக்குறியோடு பெருக்கலில் கட்டுண்டிருக்கிறது. கழித்தல் அதற்குப் பிறகுதான். கை பழகும்வரை கழித்தலை 10 + (−2)(ம − 3) என்று கூட்டலாக மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். ஒரு வரி அதிகம், ஆனால் குறி தப்பாது.

8. பின்னம் வந்தாலே பயமா இருக்கு. கீழ இருக்குறதை எப்படி ஒழிக்கறது?

பகுதிகளின் மீச்சிறு பொது மடங்கைக் கண்டுபிடித்து, இரு பக்கமும் உள்ள எல்லா உறுப்புகளையும் அதனால் பெருக்குங்கள். ம/2 + ம/3 = ம − 4 என்பதை 6ஆல் பெருக்கினால் 3ம + 2ம = 6ம − 24, ம = 24. 'எல்லா உறுப்பும்' என்பதில்தான் வழுக்கும். பின்னமாக இல்லாத 4ஐ அப்படியே விட்டுவிட்டால் ம = 4 என்று தவறாக முடியும்.

பின்னக் கோடு ஓர் அடைப்புக்குறியும்கூட. (ம + 5)/2 − (ம − 3)/4 = 6 என்பதை 4ஆல் பெருக்கினால் 2(ம + 5) − (ம − 3) = 24. இரண்டாவது அடைப்புக்குறியைப் போட மறந்தால் 7ஆம் கேள்வியின் தவறு பின்வாசல் வழியாக வந்துவிடும். சரியாகப் போனால் ம + 13 = 24, ம = 11. கோவையில் மட்டும் இந்த வேலையைச் செய்யாதீர்கள். ம/2 + ம/3 என்று சும்மா நிற்பதை 6ஆல் பெருக்கினால் அது வேறு கோவை ஆகிவிடும். ஈடுகட்ட மறுபக்கம் கிடையாது.

பழக ஒரு பழைய கணக்கு. கிரேக்கப் பாடல் தொகுப்பு ஒன்றில் கணித அறிஞர் டயபாண்டஸின் ஆயுள் புதிராக வருகிறது. ஆயுளில் ஆறில் ஒரு பங்கு பால்யம். மேலும் பன்னிரண்டில் ஒரு பங்கு கழித்துத் தாடி. மேலும் ஏழில் ஒரு பங்கு கழித்துத் திருமணம். ஐந்தாண்டில் மகன். மகன் வாழ்ந்தது தந்தையின் ஆயுளில் பாதி. மகன் இறந்து நான்காண்டில் தந்தையும் இறந்தார். ம/6 + ம/12 + ம/7 + 5 + ம/2 + 4 = ம. மீச்சிறு பொது மடங்கு 84. பெருக்கினால் 75ம + 756 = 84ம, 9ம = 756. விடையும் 84தான், தற்செயலாக.

9. கடைசியில ம காணாமப் போயிடுச்சு. 0 = 5 னு நிக்குது. எங்க தப்பு பண்ணேன்?

எங்கேயும் தவறாமல் இருக்கலாம். 2ம + 1 = 2ம + 6 என்பதில் 2ம-வைக் கழித்தால் 1 = 6. எந்த எண்ணை வைத்தாலும் பொய். தீர்வு இல்லை என்று எழுதுங்கள். அதுவே முழு விடை. மாறாக 2(ம + 3) = 2ம + 6 என்பதில் 6 = 6 மிஞ்சும். எந்த எண்ணை வைத்தாலும் மெய். இது முற்றொருமை. ம = 0 என்று முடிவது இரண்டிலும் சேராது; அங்கே பூச்சியம் என்ற ஓர் எண் தீர்வாக இருக்கிறது.

10. சமன்பாடு கொடுத்தா போட்டுடுவேன். வார்த்தைக் கணக்குன்னா கை ஓட மாட்டேங்குது. எங்க ஆரம்பிக்கறது?

கடைசி வாக்கியத்திலிருந்து. என்ன கேட்கிறார்கள் என்பது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அடுத்து, எதை ம என்று வைக்கிறீர்கள் என்பதை அலகோடு முழு வாக்கியமாக எழுதுங்கள். 'ம = அகலம்' என்பது போதாது; 'செவ்வகத்தின் அகலம் ம செ.மீ.' என்று இருக்கட்டும். பலரும் நேரம் மிச்சம் என்று விட்டுவிடும் வரி இது. என் அனுபவத்தில் தவறுகளில் பாதி இந்த வரி இல்லாததால் வருகிறது, மீதிப் பாதி கூட்டல் கழித்தலில்.

பிறகு கணக்கில் வரும் மற்ற அளவுகளையெல்லாம் ம-வைக் கொண்டு எழுதுங்கள். நீளம் அகலத்தின் இரு மடங்கைவிட 5 செ.மீ. அதிகம், சுற்றளவு 46 செ.மீ. என்றால் அகலம் ம, நீளம் 2ம + 5. இன்னும் சமன்பாடு வரவில்லை, அவசரமும் வேண்டாம். ஒரே அளவை இரண்டு விதமாகச் சொல்ல முடிகிற இடம் எது என்று தேடுங்கள். இங்கே அது சுற்றளவு. ஒரு விதத்தில் 46, இன்னொரு விதத்தில் 2(ம + 2ம + 5). அந்த இரண்டுக்கும் நடுவில் சமக்குறி. 3ம + 5 = 23, ம = 6. அகலம் 6, நீளம் 17. நீளத்தைத்தான் கேட்டிருந்தால் 6 என்று எழுதிவிட்டு எழுந்துவிடாதீர்கள்.

எப்போதும் கேட்டதையே ம என்று வைக்க வேண்டும் என்றில்லை. மற்றவற்றை ஒப்பிட்டுச் சொல்ல எது அடிப்படையாக நிற்கிறதோ அதை வைத்தால் பின்னங்கள் குறையும்.

11. 'மொத்தம்'னா கூட்டு, 'குறைவு'னா கழின்னு சொல்லிக்கொடுத்தாங்க. அப்படியே பண்ணினேன், தப்பாயிடுச்சே?

அந்த ஒற்றைச் சொல் வைத்தியம் இயற்கணிதத்தில் உதவாது. 'முதல் எண் 12. அது இரண்டாம் எண்ணைவிட 5 குறைவு. இரண்டாம் எண் என்ன?' குறைவு என்று இருக்கிறதே என்று 7 எழுதினால் தவறு. 12 = ம − 5, ம = 17. எது எதைவிடக் குறைவு என்பதை 'விட' என்பதற்கு முன்னால் நிற்கும் சொல் காட்டிக்கொடுக்கிறது.

தமிழ்க் கணக்கைப் படிக்கும்போது வேற்றுமை உருபில் விரலை வையுங்கள். 'ஓர் எண்ணிலிருந்து 7ஐக் கழித்தால்' ம − 7. 'ஓர் எண்ணை 7இலிருந்து கழித்தால்' 7 − ம. 'ஓர் எண்ணின் இரு மடங்குடன் 3ஐக் கூட்டினால்' 2ம + 3. 'ஓர் எண்ணுடன் 3ஐக் கூட்டி வருவதை இரு மடங்காக்கினால்' 2(ம + 3). சொற்கள் ஏறத்தாழ அவையேதான்; வரிசையும் உருபும்தான் வேறு. இந்த நான்கையும் கலைத்துப்போட்டு, கோவையிலிருந்து வாக்கியம், வாக்கியத்திலிருந்து கோவை என்று இரண்டு திசையிலும் பழகினால் பெரிய பயன் கிடைக்கும்.

12. 'பேராசிரியர்களைப் போல 6 மடங்கு மாணவர்கள்'. 6மா = பே தானே? எல்லாரும் இல்லைங்கறாங்க.

இல்லைதான், ஆனால் உங்களுக்குத் துணை நிறைய உண்டு. 1980களின் தொடக்கத்தில் ஜான் கிளமென்ட்டும் உடன் பணியாற்றியவர்களும் அமெரிக்காவில் பொறியியல் முதலாண்டு மாணவர்களிடம் இதையே கேட்டார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் தவறாக எழுதினார்கள், அதிகம் வந்த தவறு உங்களுடையதுதான்.

காரணம் இரண்டு. வாக்கியத்தில் 6உம் மாணவர்களும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் கை அப்படியே எழுதிவிடுகிறது. அதைவிட ஆழமானது, மா என்பதை 'மாணவர்' என்று படிப்பது. 'ஆறு மாணவருக்கு ஒரு பேராசிரியர்' என்ற படம் மனதில் இருக்க, 6மா = பே அந்தப் படத்தின் சுருக்கெழுத்தாகத் தோன்றுகிறது. 1ஆம் கேள்வியில் சொன்னபடி எழுத்து எண்ணிக்கைக்கு நிற்கிறது. பேராசிரியர் 10 பேர் என்றால் மாணவர் 60 பேர். 6மா = பே என்பதில் வைத்தால் 360 = 10. மா = 6பே என்பதில் வைத்தால் 60 = 60. மடங்குக் கணக்கு எது வந்தாலும் இப்படி ஒரு சின்ன எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள். பொருளின் முதல் எழுத்தையே மாறியாக வைக்காமலிருப்பதும் நல்லது.

13. வயசுக் கணக்குல யாருக்குக் கூட்டணும், யாருக்குக் கழிக்கணும்னு குழம்புது.

எல்லோருக்கும். ஆண்டுகள் ஓடினால் எல்லோருக்கும்தான் வயது கூடும். ஓர் அட்டவணை போடுங்கள்: இரண்டு வரிசை, ஒவ்வொருவருக்கும் ஒன்று, இரண்டு பத்தி, இப்போது, அப்போது. தந்தையின் வயது மகனின் வயதைப் போல 4 மடங்கு; 20 ஆண்டுக்குப் பின் 2 மடங்கு. இப்போது: ம, 4ம. அப்போது: ம + 20, 4ம + 20. சமன்பாடு 'அப்போது' பத்தியிலிருந்து மட்டும் வரும்: 4ம + 20 = 2(ம + 20). ம = 10. மகனுக்கு 10, தந்தைக்கு 40; பிறகு 30, 60.

அடைப்புக்குறியை விட்டு 2ம + 20 என்று எழுதினால் ம = 0 வரும். அது மகன் இன்றுதான் பிறந்தான், தந்தைக்கும் வயது பூச்சியம் என்கிறது! சமன்பாடே இல்லாமல் சரிபார்க்க ஒரு வழி: வயது வித்தியாசம் என்றும் மாறாது. இங்கே 30. தந்தையின் வயது இரு மடங்காகும் நாளில் அந்த வித்தியாசம் மகனின் வயதுக்குச் சமம். ஆகவே மகனுக்கு அன்று 30.

14. போகும்போது 60 கி.மீ. வேகம், வரும்போது 40. சராசரி 50 இல்லையா?

இல்லை. மெதுவாக வரும்போது அதிக நேரம் செலவாகிறது, அதனால் சராசரி மெதுவான பக்கம் சாயும். போய்வர மொத்தம் 5 மணி நேரம் ஆனதென்றால் ஒரு வழித் தொலைவு ம கி.மீ. என்று வையுங்கள். நேரம் = தொலைவு ÷ வேகம். ம/60 + ம/40 = 5. 120ஆல் பெருக்க 2ம + 3ம = 600, ம = 120. மொத்தம் 240 கி.மீ., 5 மணி நேரம், சராசரி 48. தொலைவு எதுவானாலும் இந்த இரண்டு வேகங்களுக்கும் 48தான் வரும்.

வேகக் கணக்குகளில் மூன்று அளவு உண்டு: தொலைவு, வேகம், நேரம். ஒன்று கொடுக்கப்பட்டிருக்கும், ஒன்றை ம என்று வைப்போம், மூன்றாவது தானாக வரும். 10ஆம் கேள்வியில் சொன்ன 'இரண்டு விதமாகச் சொல்லக்கூடிய ஒரே அளவு' பெரும்பாலும் அந்த மூன்றாவதில்தான் இருக்கும்.

15. ஒரு குழாய் 6 மணியில தொட்டியை நிரப்பும், இன்னொண்ணு 3 மணியில. ரெண்டையும் திறந்தா 9 மணின்னு வருது!

இரண்டு குழாய் சேர்ந்து ஒன்றைவிட மெதுவாக நிரப்புமா? நேரங்களைக் கூட்ட முடியாது, ஒரு மணியில் நடக்கும் வேலையைக் கூட்டலாம். 1/6 + 1/3 = 1/2 தொட்டி. முழுத் தொட்டிக்கு 2 மணி.

16. 20% கூடின பிறகு 540. பழைய அளவு கண்டுபிடிக்க 540ல 20% கழிச்சேன். தப்பாம்.

அந்த 20% எதனுடையது என்று கேளுங்கள். பழைய அளவினுடையது; நீங்கள் கழித்ததோ புதியதினுடையது. பழையது ம என்றால் ம + 0.2ம = 540, 1.2ம = 540, ம = 450. நீங்கள் செய்ததில் 432 வந்திருக்கும். 432க்கு 20% கூட்டிப் பாருங்கள், 518.4தான் வரும்.

17. ஒரு மாறி போதுமா, ரெண்டு வேணுமான்னு எப்படித் தெரியும்?

ஒன்றைக் கொண்டு மற்றதை எளிதாக எழுத முடிந்தால் ஒன்று போதும். முடியாவிட்டால் இரண்டு வையுங்கள். ஆனால் இரண்டு தனித்தனிச் செய்தி, இரண்டு சமன்பாடு வேண்டும். ஈரிலக்க எண் ஒன்றின் இலக்கங்களின் கூடுதல் 11. இலக்கங்களை இடம் மாற்றினால் எண் 27 கூடுகிறது. பத்தின் இலக்கம் ம, ஒன்றின் இலக்கம் ந. எண்ணை 'மந' என்று எழுதினால் இயற்கணிதத்தில் அது ம × ந. எழுத வேண்டியது 10ம + ந. இடம் மாறினால் 10ந + ம. வித்தியாசம் 9ந − 9ம = 27, ஆகவே ந − ம = 3. ம + ந = 11 என்பதோடு கூட்டினால் 2ந = 14. எண் 47.

ஒரே செய்தியை வேறு வார்த்தையில் இரண்டு முறை எழுதிவிட்டு இரண்டு சமன்பாடு என்று நினைப்பது இங்கே சகஜம். தீர்க்கும்போது 9ஆம் கேள்வியில் பார்த்த 6 = 6 போன்ற ஒன்று வந்து நின்றால், கணக்கில் பயன்படுத்தாத செய்தி எது என்று திரும்பிப் போய்த் தேடுங்கள்.

18. விடை மைனஸ்ல வந்தா கணக்கு தப்புதானே?

கணக்கைப் பொறுத்தது. தாய்க்கு 40, மகளுக்கு 16. எத்தனை ஆண்டில் தாயின் வயது மூன்று மடங்காகும்? 40 + ம = 3(16 + ம), ம = −4. இது தவறு இல்லை, கேள்விக்கே திருத்தம்: அது நான்கு ஆண்டுக்கு முன்பே நடந்துவிட்டது, அப்போது 36, 12. கடனும் உடைமையும் போல எதிர் எண்ணுக்குப் பொருள் கொண்டு, அவற்றைக் கையாளும் விதிகளைப் பிரம்மகுப்தர் 628இலேயே எழுதிவிட்டார்.

ஆனால் அகலம் −6 செ.மீ. என்றோ ஆட்கள் 7.5 பேர் என்றோ வந்தால் கூட்டல் கழித்தலை ஒருமுறை பாருங்கள், பிறகு வாக்கியத்தை மறுபடி படியுங்கள். இரண்டும் சரியென்றால் அந்தக் கணக்குக்குப் பொருந்தும் விடை இல்லை என்று எழுதலாம். பின்னம் வந்தது என்பதற்காக மட்டும் பதற வேண்டாம். நேரமும் நீளமும் பின்னமாக இருக்கலாம், தலை எண்ணிக்கைதான் இருக்க முடியாது.

19. சரிபார்த்தேன், சமன்பாட்டுல பொருந்துது. ஆனாலும் விடை தப்புன்னு சொல்றாங்க!

சமன்பாடே தவறாக இருந்தால் அதன் தீர்வு அதில் பொருந்தத்தானே செய்யும்? 12ஆம் கேள்வியின் 6மா = பே என்பதற்கும் 'சரியான' தீர்வுகள் உண்டு. வெறும் சமன்பாடு கொடுத்த கணக்கில் முதல் வரியில் வைத்துப் பாருங்கள். வார்த்தைக் கணக்கில் சமன்பாட்டை மறைத்துவிட்டு, கிடைத்த எண்களோடு கேள்வித்தாளின் வாக்கியங்களை ஒவ்வொன்றாகப் படியுங்கள். 'அகலம் 6, நீளம் 17. இரு மடங்கு 12, அதைவிட 5 அதிகம் 17, ஆம். சுற்றளவு 46, ஆம்.' அரை நிமிடம் ஆகும். தேர்வில் கடைசியில் மொத்தமாகப் பார்க்கலாம் என்று வைத்தால் நடக்காது. அந்தந்தக் கணக்கு முடிந்ததும் செய்துவிடுங்கள்.

20. ம² = 5ம. ரெண்டு பக்கமும் ம-ஆல வகுத்தேன், ம = 5. புத்தகத்துல 0, 5 னு ரெண்டு விடை. எப்படி?

வகுத்தபோது ம பூச்சியம் இல்லை என்று சொல்லாமலே முடிவுசெய்துவிட்டீர்கள். பூச்சியத்தால் வகுக்க முடியாது. ம பூச்சியமாக இருக்கும் வாய்ப்பு அந்த இடத்திலேயே தொலைந்துவிட்டது. 5ஆம் கேள்வியில் சொன்ன காரணத்தை நினைத்துப்பாருங்கள்: திருப்பி வர முடிகிற படிதான் பத்திரமான படி. எண்ணால் வகுக்கலாம், பூச்சியமாகக்கூடிய மாறியால் வகுக்கக் கூடாது. எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்து ம(ம − 5) = 0 என்று காரணிப்படுத்துங்கள். பெருக்கற்பலன் பூச்சியம் என்றால் காரணிகளில் ஒன்றாவது பூச்சியம்.

1 = 2 என்று நிரூபிக்கும் வேடிக்கைக் கணக்குகள் பலவற்றில் இந்த வேலைதான் எங்கோ ஒரு வரியில் ஒளிந்திருக்கும். ம − ந என்று ஏதாவது ஒன்றால் வகுத்திருப்பார்கள், ம = ந என்று முன்பே சொல்லியிருப்பார்கள்.

21. எல்லாப் படியும் சரி, ஆனா வந்த விடை பொருந்தலை. இது எப்படி சாத்தியம்?

20ஆம் கேள்வியில் ஒரு விடை தொலைந்தது. இங்கே இல்லாத ஒன்று உள்ளே வந்துவிட்டது. ம/(ம − 3) = 3/(ம − 3) + 2 என்பதை ம − 3ஆல் பெருக்கினால் ம = 3 + 2(ம − 3), ம = 3. ஆனால் ம = 3 என்றால் மூலச் சமன்பாட்டின் பகுதி பூச்சியம்; நாம் பெருக்கியதும் பூச்சியத்தால்தான். பூச்சியத்தால் பெருக்கினால் எந்தப் பொய்யும் 0 = 0 ஆகிவிடும். இந்தச் சமன்பாட்டுக்குத் தீர்வு இல்லை. பகுதியில் மாறி இருந்தால் வேலையைத் தொடங்கும் முன்பே 'ம ≠ 3' என்று ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

வர்க்கப்படுத்துவதும் இப்படித்தான். √(ம + 6) = ம என்பதை வர்க்கப்படுத்தினால் ம² − ம − 6 = 0; தீர்வுகள் 3, −2. வர்க்கப்படுத்தும்போது 2உம் −2உம் ஒன்றாகிவிடுகின்றன, அந்தப் படியைத் திருப்பி நடக்க முடியாது. 3ஐ வைத்தால் √9 = 3, பொருந்துகிறது. −2ஐ வைத்தால் இடப்பக்கம் √4 = 2, வலப்பக்கம் −2. அதை அடித்துவிட்டு 3ஐ மட்டும் எழுதுங்கள். ஏன் அடித்தீர்கள் என்பதையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள், திருத்துகிறவர் அதைத்தான் தேடுவார்.